அரக்குச் சாயம் அலசின அண்டா

ராதிகா: ஐஸ் கரைஞ்சி போச்சாங்க?

பார்த்திபன்: எது ஐஸ், எது நான்னே தெரியல. ரெண்டும் மரத்துப் போச்சி.

ராதிகா: கதவ கொஞ்சம் தொறங்க. இன்னொரு கட்டி கொண்டாந்திருக்கேன்.

பார்த்திபன்: இன்னொன்னா? ஐஸ் கம்பெனிக்காரன் எதுக்குன்னு கேக்கல?

ராதிகா: கேட்டான். மீனு வாங்கியாந்திருக்கோம், அதுக்குன்னேன்.

பார்த்திபன்: அடிப்பாவி, நாம சைவம்னு அவனுக்குத் தெரியும்டி!

ராதிகா: அதான் ஒரு மாதிரி பாத்தான்... எந்திரிங்க, அடியில போடறேன்.

பார்த்திபன்: இந்த அண்டாவுலருந்து எந்திரிக்க முடிஞ்சா எந்திரிக்க மாட்டனா? பக்கத்துல போடு. டாக்டரம்மா சூடு படாம இருன்னுதான் சொன்னாங்க. ஐஸ் மேல குந்துன்னு சொல்லல.

ராதிகா: நான் மட்டும் சொன்னனா? நீங்களா யோசிச்சதுதானே. பத்து வருசமா சாய அடுப்பாண்ட நின்ன சூடு, மூணு மாசம் நிக்காம இருந்தா மட்டும் எறங்குமான்னு...

பார்த்திபன்: நாளைக்கு வேலூர்ல மறுபடியும் டெஸ்டு. கடைசி நாளாவது கொஞ்சம் சேத்து...

ராதிகா: பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி படிக்கறவர்தானே நீங்க.

பார்த்திபன்: மெதுவா பேசு. அம்மா கொல்லையிலதான் இருக்காங்க.

ராதிகா: இருக்கட்டுமே. அவங்களுக்கு எத்தினி நாளைக்கு மூலம், மூலம்னே சொல்லிகினு இருப்பீங்க?

பார்த்திபன்: வேற இன்னா சொல்லி அடுப்ப விட்டு வரது? 'உயிரணு எண்ணிக்கை கம்மி, அடுப்புச் சூடுதான் காரணமா இருக்கும்னு டாக்டரம்மா சந்தேகப்படறாங்க'ன்னு அப்பாகிட்ட சொல்லச் சொல்றியா?

ராதிகா: சொல்லணும். ஞாயித்துக்கெழம வெம்பாக்கத்துலருந்து உங்க மாமா வராரு. கொழந்த இல்லன்னு உங்களுக்கு ரெண்டாவதா பொண்ணு பேச.

பார்த்திபன்: தெரியும்...

ராதிகா: எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்க. ஆனா அரசமரம் சுத்தறது நானு. காலையில வெறும் வயித்துல வேப்பங்கொழுந்து உருண்டை முழுங்கறது நானு. தெருவுல யாரு ஊட்டு வளைகாப்புன்னாலும் எனக்குத்தான் கடைசி வெத்தல பாக்கு.

பார்த்திபன்: நாளைக்கு ரிசல்ட் நல்லா வந்துட்டா, யார்கிட்டயும் ஒன்னும் சொல்லவே வேணாமில்ல?

ராதிகா: வரலன்னா?

பார்த்திபன்: மொதல்ல அந்த ஐஸ போடு.

ராதிகா: வரலன்னா நான் களம்பூர்ல எங்கம்மா ஊட்டுக்கு, நீங்க மணவறைக்கு. அப்படித்தானே?

பார்த்திபன்: ஐஸ் மேல குந்தினு இருக்கறவன அழ வைக்காதடி... ஏய், மெதுவா போடு! தண்ணி ரொம்பி வழியுது பாரு!

விருத்தாம்பாள்: ராதிகா! குளிக்கற ரூம்புல யாராண்ட பேசிகினு கீற?

ராதிகா: உங்க புள்ளகிட்டதான் அத்தே! குளிக்கறாரு!

விருத்தாம்பாள்: மத்தியானத்துலயா? கரண்ட் வேற இல்ல, இருட்டுல ரெண்டு பேரும் உள்ள இன்னா பண்றீங்க?

ராதிகா: நான் வெளியதான் நிக்கறேன் அத்தே!

பார்த்திபன்: அம்மா, மூலம்மா! ஜில்லு தண்ணியில உக்காந்துகினு இருக்கேன்!

விருத்தாம்பாள்: ஆமா, ஆமா. மூலம். மூணு மாசமா அதே மூலம். உங்கப்பா ஒத்த ஆளா அடுப்பாண்ட நின்னு சாயம் போட்டுகினு கீறாரு, நீ என்னாடான்னா... ஐயய்யோ! ஐயய்யய்யோ!

பார்த்திபன்: இன்னாம்மா?

விருத்தாம்பாள்: சலதாரையில செவப்பா போவுதுடா! ரத்தம்டா! கொடம் கொடமா போவுதுடா!

பார்த்திபன்: ரத்தமா?... ராதிகா, எனக்கு ஒன்னும் வலிக்கலியே?

ராதிகா: மரத்துப் போச்சின்னு சொன்னீங்களே... ஐயோ, இருங்க, கதவ நல்லா தொறங்க, வெளிச்சத்துல பாக்கறேன்.

விருத்தாம்பாள்: அசையாத! தோ வரேன். எனக்கு வைத்தியம் தெரியும். அப்படியே இரு!

ராதிகா: போய்ட்டாங்க. எந்திரிங்க, ஜல்தி.

பார்த்திபன்: கைய குடு... ஆ... மெதுவா...

ராதிகா: ஐயோ கடவுளே.

பார்த்திபன்: இன்னாடி? நிறைய போவுதா?

ராதிகா: ரத்தம் இல்லீங்க.

பார்த்திபன்: பின்ன?

ராதிகா: அரக்கு.

பார்த்திபன்: இன்னா?

ராதிகா: சாயம்ங்க. காலையில உங்கப்பா அரக்குச் சாயம் போட்ட பட்டு நூல இந்த அண்டாவுலதான் அலசினாரு. நான் இருட்டுல கழுவாம தூக்கியாந்துட்டேன்.

பார்த்திபன்: அப்ப எனக்கு...

ராதிகா: இடுப்புலருந்து முட்டி வரைக்கும் கல்யாணப் பொடவை கலரு. பார்டர் மட்டும்தான் இல்ல.

பார்த்திபன்: சிரிக்காதடி! தேச்சா போவுமா?

ராதிகா: உங்கப்பா போட்ட சாயம். சாயம் போவாதுன்னுதானே கண்ணமங்கலத்துலருந்தெல்லாம் நம்மகிட்ட தேடி வராங்க?

பார்த்திபன்: நாளைக்கு டெஸ்டுக்கு இப்படியேவா போறது?

ராதிகா: அங்க குப்பியத்தான் பாப்பாங்க. உங்கள யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க? இந்தாங்க, வேட்டிய சுத்துங்க, வந்துட்டாங்க.

விருத்தாம்பாள்: வலிக்குதாடா கண்ணு?

பார்த்திபன்: இல்லம்மா. நின்னுடுச்சி.

விருத்தாம்பாள்: அது நிக்காது. திரும்பவும் வரும். ரெண்டு செங்கல்ல சமையக்கட்டு அடுப்புல போட்டுட்டேன். நல்லா செவக்க காஞ்சதும் ஈரச் சாக்க சுத்தி மனைமேல வைக்கறேன். நீ அதும்மேல குந்தணும்.

பார்த்திபன்: செங்கல்லு மேலயா?

விருத்தாம்பாள்: ஆவி நல்லா மேல ஏறணும். அரை மணி நேரம். மூணு வேளை. மூலம் ஓடியே பூடும்.

பார்த்திபன்: சூடு வேணாம்மா.

விருத்தாம்பாள்: ஏன் வேணாம்?

பார்த்திபன்: சூடு... எனக்கு ஆவாதும்மா.

விருத்தாம்பாள்: மூலத்துக்கு சூடு ஆவாதுன்னு எவன் சொன்னான்? வெந்நீர்ல உக்கார சொல்லுவாங்களே ஒழிய, ஐஸ் மேல உக்காருன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டானே. ராதிகா, நீ சொல்லு.

ராதிகா: நான் இன்னா அத்தே சொல்றது? அவரு ஒடம்பு, அவரு சொல்லட்டும்.

பார்த்திபன்: ராதிகா...

ராதிகா: குந்துங்களேன். அரை மணி நேரம்தானே.

பார்த்திபன்: மூணு மாசம்டி! மூணு மாசம் அடுப்பாண்ட தலை வைக்காம இருந்தேன். எல்லாம் அரை மணி நேரத்துல...

விருத்தாம்பாள்: எல்லாம்னா? எதுடா?

பார்த்திபன்: ஒன்னுமில்ல.

விருத்தாம்பாள்: சரி, ஒன்னுமில்லன்னா வந்து குந்து. ஞாயித்துக்கெழம மாமா வரப்ப நீ நல்லா நடமாடிகினு இருக்கணும். மூலம் கீற மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

ராதிகா: மொதல்ல அத பாருங்க அத்தே. நான் போயி என் துணிமணிய எடுத்து வைக்கறேன்.

பார்த்திபன்: ஏய், நில்லு!

ராதிகா: எதுக்கு நிக்கணும்?

பார்த்திபன்: நில்லுன்னா நில்லு... அம்மா. எனக்கு மூலமெல்லாம் ஒன்னுமில்ல.

விருத்தாம்பாள்: பின்ன?

பார்த்திபன்: வேலூருக்கு நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு டாக்டரம்மாகிட்ட போனோம். கொழந்த இல்லன்னு போனா பாப்பாங்களே, அந்த டாக்டரம்மா. ரெண்டு பேருக்கும் டெஸ்டு எடுத்தாங்க. அவளுக்கு ஒன்னும் இல்ல. எனக்குத்தான்... கம்மியா இருக்குது. அடுப்புச் சூட்டுல நின்னு நின்னு ஆயிருக்கலாம், கொஞ்ச நாள் நிக்காம இருந்து பாருன்னாங்க. அதுக்குத்தான் மூலம்னு சொன்னேன்.

விருத்தாம்பாள்: யாருகிட்டடா கொறை?

பார்த்திபன்: கொறை என்கிட்டதாம்மா. நாளைக்கு ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி. இனிமே இவ ஒரு மரத்தையும் சுத்த மாட்டா. மாமாவ வர வேணாம்னு சொல்லிடுங்க. வந்தார்னா தெருவுல நின்னு நானே இத சத்தமா சொல்லுவேன்.

ராதிகா: வேட்டிய புடிங்க மொதல்ல. அவுருது.

விருத்தாம்பாள்: அவன விடு. ராதிகா, நீ சமையக்கட்டுக்குப் போயி செங்கல்லு காஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வா.

பார்த்திபன்: இன்னுமாம்மா செங்கல்லு? இவ்ளோ சொல்லியும்...

ராதிகா: ...அத்தே! அடுப்பே பத்த வைக்கலியே?

விருத்தாம்பாள்: ஏன் பத்த வைக்கணும்? முப்பத்தஞ்சி வருசமா சாயக்காரன் ஊட்டுல குப்ப கொட்றேன். ரத்தம் எது, அரக்கு எதுன்னு எனக்குத் தெரியாதா?

பார்த்திபன்: அப்ப 'ஐயய்யோ'ன்னு கத்துனீங்களே?

விருத்தாம்பாள்: கத்தலன்னா நீ வாய தொறப்பியா? மூலம்னு நீ சொன்ன அன்னிக்கே எனக்கு சந்தேகம். இன்னிக்கி சொல்லுவான், நாளைக்கி சொல்லுவான்னு பாத்தேன். இவ மரத்த சுத்தறத நீ நின்னு வேடிக்க பாத்தியே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ராதிகா: அப்ப அந்த வேப்பங்கொழுந்து, அத்தே?

விருத்தாம்பாள்: அது என் தப்புதாம்மா. நீ ஒரு வாட்டி வாந்தி எடுத்தாலாவது இவனுக்கு மனசு எறங்கும்னு பாத்தேன். நீ இன்னாடான்னா லட்டு மாதிரி முழுங்கற.

பார்த்திபன்: அப்ப பொண்ணு பேச வரேன்ன மாமா?

விருத்தாம்பாள்: சம்பந்தமா? அவன வரச் சொன்னது உங்கப்பா. எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி அன்னிக்கே வராதன்னு நான் சொல்லிட்டேன்.

பார்த்திபன்: அப்பாகிட்ட இத யாரும்மா சொல்றது? அவருக்குத் தெரிஞ்சா ஆம்பளையாடான்னு கேப்பாரு.

விருத்தாம்பாள்: கேக்க மாட்டாரு.

பார்த்திபன்: எப்படி அவ்ளோ கண்டிஷனா சொல்றீங்க?

விருத்தாம்பாள்: அந்த அண்டா யாருதுன்னு நெனச்ச? நீ பொறக்கறதுக்கு முந்தின வருசம் உங்கப்பா அதுலதான் குந்தினு இருந்தாரு. அவரும் மூலம்னுதான் சொன்னாரு, எங்க மாமியார்கிட்ட. நான்தான் தண்ணி ஊத்துனேன்... அவசரத்துல, கிளிப்பச்சை சாயம் அலசினத கழுவாம.