மூணு ரூமுக்கும் ஒரே நேரத்துல காப்பி

காப்பிக்குச் சக்கரை போதுமானு பாருங்க சார். நம்ம ஆபீஸ் காப்பிக்கு இந்தப் பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு பேரு உண்டுங்க.

நான் மயிலாத்தாள். இந்தக் கெணத்து மோட்டார் கம்பெனி ஆபீஸை இருபத்திரெண்டு வருஷமாப் பாத்துக்கறனுங்க. முதலாளிக மூணு பேரும் அண்ணன் தம்பிக. பெரியவர் திருமலைசாமி, நடுவுலவர் அழகிரிசாமி, சின்னவர் பாலகோபால். மூணு ரூமும் ஒரே அளவு. ஒருத்தருக்குக் காப்பி முந்திப் போனா மத்தவங்க தொட மாட்டாங்க. அதனால மூணு கதவுக்கும் மூணு ஆளை நிக்க வெச்சிருக்கேன். நான் தலையாட்டினா ஒண்ணா உள்ள போவாங்க.

இந்த வருஷம், தொண்ணூத்தெட்டு தை மாசம், உங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து அனீஸை அனுப்பி வெச்சீங்க. தங்கமான பையன். மூணு ரூம்லயும் மூணு கம்ப்யூட்டர் வெச்சு கேபிள் இழுத்தான். ஆர்டரு, ஸ்டாக்கு எல்லாம் மூணுலயும் ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு படுத்துட்டா மத்த ரெண்டும் பாத்துக்கும்னு சொன்னான். அதுல ஒண்ணு மட்டும் மாஸ்டராம். அது சொல்றதை மத்த ரெண்டும் கேட்டுக்கோணுமாம். பெரியவர் மெஷினை மாஸ்டர்னு போட்டுட்டான்.

முதல் நாளே மூணு திரையிலயும் 'மாஸ்டர்: திருமலைசாமி'ன்னு வந்துச்சுங்க. நடுவுலவர் காப்பியை அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. சின்னவர் பதினோரு மணிக்கே ஊட்டுக்குக் கிளம்பிட்டாரு.

திரையில எந்த வரியில மாஸ்டர் பேரு இருக்கோணும்னு அனீஸேதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தான். தெனமும் காலையில சரிபாருங்க அக்கா, நம்பிக்கையான ஆள் நீங்கதான்னான். மறுநா காலையில போயி, ஒவ்வொருத்தர் மெஷின்லயும் அவரவர் பேரையே மாஸ்டராப் போட்டுட்டனுங்க. மூணு பேரும் சிரிச்ச முகமா உக்காந்திருந்தாங்க.

மூணு மெஷினும் அன்னிக்கே தனித்தனியாப் பேச ஆரம்பிச்சிருச்சு. கோபிசெட்டிபாளையத்துல ஒரு வாழைத்தோட்டத்துக்காரரு ஒரு மோட்டாருக்கு ஆர்டர் குடுத்தாரு, மூணு வண்டியில மூணு வந்துச்சு. ஒரே கெணறுங்க. மனுசன் மூணையும் எறக்கிக்கிட்டாரு.

முதலாளிக இருக்கறப்ப அனீஸ் ரூமுக்குள்ள போக முடியாது. அவங்க கிளம்பின பொறவு ஆறு மணிக்குத்தான் போவான். அதுக்கு முன்னால நான் பழையபடி பெரியவர் பேரை மாத்தி வெச்சுருவேன். அவன் பாத்தா எல்லாம் ஒழுங்கா ஓடும். பகல்ல மட்டும் ஏன் கெடுதுன்னு அவனுக்குப் புரியலீங்க. கரண்ட்டைச் சந்தேகப்பட்டான், வெயிலைச் சந்தேகப்பட்டான், எலியைச் சந்தேகப்பட்டான். கேபிளை நாலு தடவை மாத்தினான். நான் டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னேன். "அந்த வரியைப் பாத்தீங்களாக்கா"ம்பான். பாத்தேன் கண்ணும்பேன். பாத்தது நெசந்தானுங்களே.

இப்படியே நாப்பத்தோரு நாளு. மாசக் கடைசிக்குள்ள ஓடலைன்னா வேலை போயிரும்னு நீங்க சொல்லிவிட்டீங்கனு சொன்னான். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. தக்காளிச் சோறு கட்டியாந்து குடுத்தேன்.

கடைசி நாள் அவன் கேட்டதுதான் இன்னும் காதுலயே இருக்குது.

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவனாக்கா?"

"அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு"ன்னேன். பொட்டி தூக்கிக்கிட்டு பஸ்ஸேறிட்டான். எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் மறுநா எட்டு மணிக்குப் போயி மூணு மெஷின்லயும் அவரவர் பேரையே போட்டுட்டனுங்க.

போன வாரம் நீங்களே வந்து, அவன் கேபிள் இழுத்தது சரியில்லையாங்கம்மான்னு கேட்டீங்க. உங்களுக்கு அப்படித்தான் தோணுதுன்னு தெரிஞ்சுது. ஆமாங்கன்னேன். வந்தவங்க மனசை எதுக்கு நோகடிக்கறதுங்க. இன்னிக்கு நேரா நீங்களா செஞ்சீங்கன்னு கேட்டீங்க, நான்தான்னு சொல்லிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அனீஸைத் திரும்ப எடுத்துக்கறேங்கறீங்க. தாராளமா எழுதறேன். அந்தப் பையனுக்கு நான் ஒரு கெடுதலும் நெனைச்சதில்லீங்க. மூணு வெள்ளைத்தாள் மட்டும் குடுங்க. முதலாளிக பேரை எழுதறப்ப ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொருத்தரை முதல்ல போடோணும்.

இதுல எது அசல்னு மட்டும் கேக்காதீங்க சார். மூணும் அசல்தானுங்க.