தொப்புளில் ஒரு வாசல்

கையெழுத்தெல்லாம் போட்டாச்சு சிஸ்டர், ரெண்டு தடவை போட்டுட்டேன். உக்காரச் சொல்லாதீங்க, கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அவரு தொழுகைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு.

என் மக வெனிங்கா? அவளுக்கென்ன பயம். காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, ஆனா வாய் மட்டும் ஓயல. இனிமே நான் தொப்புள் வழியா மூத்திரம் போவேன், உன்னால முடியுமான்னு பக்கத்துக் கட்டில் பிள்ளைகிட்ட பெருமையடிக்கிறா, கழுதை.

பொறந்ததுலேருந்தே முதுகுத்தண்டுல கோளாறு, மூத்திரப்பை தானா காலியாகாது. கைக்குழந்தையில அடிவயித்துல ஓட்டை போட்டு விட்டாங்க, எந்நேரமும் ஈரத்துணிதான். அப்புறம் அதை மூடிட்டு, கீழ் வழியா குழாய் விட்டு எடுக்கச் சொன்னாங்க. நாலு மணிக்கொருதரம். பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் ஓடணும். உன் போலீஸ் வந்தாச்சுன்னு பிள்ளைங்க கேலி பண்ணும். போன வருசம் சொல்லிட்டா, எனக்குப் பத்து வயசாச்சு, நீ உள்ள வராதம்மான்னு. நீங்க சிரிக்கிறீங்க, நான் அன்னிக்குப் பூரா அழுதேன்.

அப்பத்தான் டாக்டர் இதைச் சொன்னாரு. குடல்வாலை எடுத்து, மூத்திரப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவுல குழாயாத் தைச்சுட்டா அவளே எடுத்துக்கலாமாம். அது இல்லாத பிள்ளைன்னா சிறுகுடல்ல துண்டு வெட்டணும், அதுக்கு ஏற்பாடே வேறயாம். முன்னாடி குடல்வாலை எடுத்திருக்கான்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டு இல்லன்னுட்டாரு. நானும் தலையாட்டிட்டேன்.

இல்ல சிஸ்டர், அவ கட்டிலை இப்பத் தியேட்டருக்குத் தள்ளாதீங்க. கொஞ்சம் கேளுங்க.

அவரு நாலு வருசம் மலேசியாத் தோட்டத்துல இருந்தாரு. என்னைக் கேக்காம பிள்ளை மேல கத்தி படக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனவரு. ஒருநாள் இவ வயித்துவலியில துடிக்கிறா, போன் போட்டா கிடைக்கல. வேற ஊரு ஆஸ்பத்திரி, என் தம்பிதான் கையெழுத்துப் போட்டான். அவருகிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டேன். இவளுக்கு அப்ப அஞ்சு வயசு, எந்த ஆபரேசன் எதுக்குன்னு அவளுக்கென்ன தெரியும். வயித்துல ஏற்கெனவே நாலு தழும்பு, அஞ்சாவதை யாரு எண்ணப்போறா?

டாக்டர் உள்ள தேடப்போற குடல்வால் அங்க இல்ல சிஸ்டர். அன்னிக்கே பாட்டில்ல போட்டு என் கையில கொடுத்துட்டாங்க. கழுவி, வெள்ளைத்துணியில சுத்தி, வாசலுக்கு இடப்பக்கம், இவ நஞ்சுக்கொடி பக்கத்துலயே புதைச்சேன். முப்பத்தஞ்சு நாள் விளக்கும் ஏத்தினேன், எங்க பக்கத்துல நஞ்சுக்கொடிக்குச் செய்யற முறைப்படி.

அதோ, அவரு செருப்புச் சத்தம். பரவால்ல, வரட்டும். நீங்க டாக்டரைக் கூப்பிடுங்க.