கொடியை மறைத்த கை

...மைக் நல்லாக் கேக்குதா? சரி. நம்ம லீக்கோட மூணாவது வருஷத்தைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டிருக்கீங்க. "விதிமுறையை வாசிச்சுட்டு இறங்கிருங்க அண்ணாச்சி"ன்னு செக்ரட்டரி காதுல சொன்னாரு. வாசிக்கிறேன். ஆனா அதுக்கு முந்தி ஒரு சின்னக் கதை இருக்கு. அதைச் சொல்லாம என் வாயில விதி வராது.

குடும்பத்தோட வந்திருக்கிறவங்களுக்காக முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம கொடிப்பந்துல ஆளைப் பிடிச்சுத் தள்ளக் கூடாது. எல்லாருக்கும் நாற்பது தாண்டிருச்சு, விழுந்தாத் தூக்க நாலு பேர் வேணும். அதனால இடுப்பு பெல்ட்டுல ரெண்டு பக்கமும் ஒரு முழத் துணி தொங்கும். அதான் கொடி. பந்தோட ஓடுறவன் கொடியை எதிராளி உருவிட்டா, ஓடுறவன் அங்கேயே நிக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதுக்கு விதிமுறை எழுதினது யாரு? ஒன்பதாங் கிளாஸைப் பாதியில விட்ட இந்தப் பொன்னுலிங்கம்! நாற்பத்தெட்டு விதி, ஒரே மூச்சுல. காப்பி கூடக் குடிக்கலை. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச அமெரிக்காக்காரன் பார்த்தா "ஐயா, எங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க"ன்னு கேப்பான்! அம்பயரும் நான்தான். நான் விசில் அடிச்சா ஹார்பர்ல நிக்கிற கப்பல் பதிலுக்கு ஊதும். சிரிக்காதீங்க, ரெண்டு தடவை ஊதியிருக்கு.

அந்த நாற்பத்தெட்டுல ரெண்டை மட்டும் மனசுல வச்சுக்குங்க. ஏழாவது விதி, பை வச்ச கால்சட்டை கூடாது. ஏன்? கொடியை உருவப் போற விரல் பையில மாட்டிக்கும். முதல் வருஷம் தங்கமாரிக்குச் சுண்டுவிரல் முறிஞ்சே போச்சு. பத்தொன்பதாவது, ஓடுறவன் தன் கொடியைக் கையால மறைக்கக் கூடாது. மறைச்சா பத்தடி பின்னால போகணும். ரெண்டும் நல்ல விதிதானே? ...நல்ல விதிதான். அதுதான் கஷ்டமே.

மிக்சி, ஃபேன் ரிப்பேர்க் கடை வச்சிருந்த சவரிமுத்துவை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயசு. பந்தைக் கையில குடுத்துட்டா, காத்து ஒதுங்கி நின்னு வழி விடும். போன வருஷம் கடைசி ஆட்டம், ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி. மனுஷன் வந்து நிக்காரு... கால்சட்டையில ரெண்டு பக்கமும் பை!

"என்ன வே, ஏழாவது விதி மறந்து போச்சா?"

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒருநாள் விட்டுருங்க. சின்னதா ஒரு பொருள் வச்சுக்கிடணும்."

"என்ன பொருள்? பீடியா?"

சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான். அவரும் சிரிச்சாரு. "பீடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு அண்ணாச்சி"ன்னுட்டு, போய்ப் பையில்லாத கால்சட்டையை இரவல் வாங்கி மாத்திட்டு வந்தாரு.

என்ன பொருள்னு நான் ரெண்டாந்தடவை கேக்கலை. ...கேக்கலை.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். ரெண்டு டீமும் சமம். பந்து சவரிமுத்து கையில. ஏழு பேரைத் தாண்டினாருன்னுதான் எப்பவும் சொல்வேன். ஏழு இல்ல, ரெண்டு பேர். ரெண்டு பேரைத் தாண்டினாரு, அப்புறம் கால் தளர்ந்துச்சு. வலது கை இடுப்புக்குப் போச்சு. கொடிக்கு மேல தடவுது... தடவுது... எனக்கு என்ன தோணும்? பத்தொன்பதாவது விதி! அடிச்சேன் விசில்.

"கையை எடும் வே! கொடியையா மறைக்கீரு?"

அவரு என்னைப் பார்த்தாரு. வாய் அசைஞ்சுது, சத்தம் வரலை. தங்கமாரி எதிர் டீம்காரன். அவன் கத்துறான், "அண்ணாச்சி, அவரு மூஞ்சியைப் பாருங்க!"

"மூஞ்சிக்கெல்லாம் விதி கிடையாதுலே! வே, நீரு பத்தடி பின்னால போம்!"

சவரிமுத்து என்ன செஞ்சாரு தெரியுமா? கையை எடுத்தாரு. அம்பயர் சொல்லிட்டாருன்னு... கையை எடுத்துட்டாரு. திரும்பி நடந்தாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நான் சத்தமா எண்ணுறேன். எட்டுல தடுமாறினாரு. பத்துல உட்கார்ந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

ஆஸ்பத்திரியில அந்த பெல்ட்டைக் கழட்டி என் கையில குடுத்தாங்க. கொடிக்குப் பின்னால, பெல்ட்டு மடிப்புல, தாள்ல சுத்தின ஒரு மாத்திரை. நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. பை கூடாதுன்னு நான் சொன்னேன்ல, அதான் அங்கே செருகியிருக்காரு. "போட்டிருந்தாலும் பிழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது"ன்னாரு டாக்டர். அவரால சொல்ல முடியாது. என்னால ஒண்ணு சொல்ல முடியும். நான் விசில் அடிக்கும்போது அந்த மாத்திரை அவரு விரலுக்கு அடியில இருந்துச்சு.

அவரு வீட்டம்மா ரெஜினா ஓடி வந்துச்சு. "அண்ணாச்சி, காலையில நான் குடுத்த மாத்திரை அவருகிட்ட இருந்துச்சா?"

நான் உள்ளங்கையை மூடிக்கிட்டேன். "இல்லம்மா. எங்கேயோ மறந்து வச்சுட்டு வந்துட்டாரு போல."

நான் அளக்கிறவன்னு இந்த ஊருக்கே தெரியும். கப்பல் ஊதினது பொய். ஒரே மூச்சுல எழுதினது பொய், மூணு மாசமாச்சு. அதெல்லாம் யாரையும் கடிக்கலை. ஆனா அந்த ஒரு பொய்... ரெஜினா ஒரு வருஷமாத் தேடுது. கடை மேஜைக்கு அடியில, ஸ்கூட்டர் பெட்டியில, சட்டை ஒவ்வொண்ணா உதறி. "கையில குடுத்தேன், வச்சுக்கிட்டாரான்னு பார்க்காம விட்டுட்டேனே"ன்னு எங்க வீட்டுல வந்து அழுதுச்சு. நான் உள் ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இதை ஏன் சொல்றேன், பெரியவங்களே? ஒருத்தன் என்ன செஞ்சான்னு பார்க்க ஒரு தாள் போதும், நாற்பத்தெட்டு விதி போதும். ஏன் செஞ்சான்னு தாள் கேக்காது. ஆளு கேக்கணும். அதுக்குத்தான் அம்பயர்னு ஒருத்தனை நடுவுல நிக்க வைக்கிறோம். நான் நின்னேன், கேக்கலை. இன்னைக்கு நாற்பத்தொன்பதாவதா ஒண்ணு சேர்த்திருக்கேன். எந்த ஆளு கை எங்கே போனாலும், முதல்ல "என்ன வே, என்ன செய்யுது?"ன்னு கேளு. பதில் வந்த பிறகு விசில் அடி. இந்த வருஷம் விசில் தங்கமாரி கழுத்துல. மூஞ்சியைப் பார்த்தவன் அவன்தான்.

முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற ரெஜினா... அம்மா, நீ குடுத்ததை அவரு மறக்கலை. கடைசி வரைக்கும் இடுப்புலயே வச்சிருந்தாரு. இந்தா, அதே தாள்ல அப்படியே இருக்கு. இனிமே தேடாதேம்மா.