நிம்மதியாக விழ ஒரு பாதை

“கார் வராத பாதை ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன் மதினி. இனிமே நிம்மதியா விழலாம்!”

ஆனையூர் பேருந்தில் முன்சீட்டு இளம்பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் பறந்துவிட்டது. அவள் பக்கத்திலிருந்த மதினியின் முழங்கையில் பிளாஸ்திரி.

“சைக்கிள் பழகி ஒரு மாசங்கூட ஆகலடி. கார் ஹாரன் அடிச்சாலே கீழ விழுந்துர்றேன். நெசமாவே வராதா?”

“வர இடமே இல்ல. சோழவந்தான் வரைக்கும் வாய்க்கா கரையிலயே போயிரலாம். ஆள விட மயிலுதான் சாஸ்தி.”

“சரி, விழுந்தா?”

“இடது பக்கம் நாத்து நட்ட வயலு, வயக்காரரு திட்டுவாரு. வலது பக்கம் வாய்க்கா, தண்ணி அம்புட்டு ஓடுது.”

மதினி முழங்கைப் பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன்.

“எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, வலது பக்கமே விழுந்துக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமையே போயிரலாம், எத்தன மணிக்குக் கெளம்பணும்?”