கண்ணடித்து வாங்கிய கிடாக்கள்

அவையை ஆளும் தலைவி டோரீன் பில்க்விஸ்ட் அம்மையார் அவர்களே, பல்லைப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்லும் ஏலச்சந்தைப் பெரியோர்களே, அந்தப் பெரியோர்களையும் சேர்த்து மேய்க்கும் தாய்மார்களே, சாப்பாட்டுக்கு முன் பேச்சா என்று முகம் சுளிக்கும் நண்பர்களே, பணிவான வணக்கம்.

சுளியுங்கள், தாராளமாகச் சுளியுங்கள். என் சித்தப்பா மெர்வின் ஹாட்ரெல்லின் முகத்தின் வலப்பக்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

நம் சந்தையில் வாய் திறந்து விலை கேட்பது கௌரவக் குறைச்சல். கண் சிமிட்டினால் போதும், ஏலக்காரர் ட்ரெஸ்கோ சுத்தியலைத் தட்டிவிடுவார். போன ஆண்டு சித்தப்பாவின் வலக்கண் தானாகத் துடித்தது. துடித்தபோதெல்லாம் ட்ரெஸ்கோ தட்டினார். நொண்டிக் கிடா வந்தது, கிழட்டுக் கிடா வந்தது, எங்கள் நாயையே முட்டி விரட்டிய கிடாவும் வந்தது.

"நான் கேக்கவே இல்லப்பா" என்றார் சித்தப்பா.

"கண்ணடிச்சியே மெர்வ். கிடாவுக்கு இல்லன்னா எனக்கா அடிச்சே?"

சந்தையே சிரித்தது. பின்வரிசையில் தொப்பியை இறக்கிக்கொள்கிறீர்களே ஐயா, நீங்கள்தான் அதிகம் சிரித்தவர்.

பிறகு மெல்ல மெல்ல அந்தக் கண் மூட மறுத்தது. சித்தப்பா உண்மையிலேயே ஆசைப்பட்ட கிடா வந்த அன்று சிமிட்டப் பார்த்தார், இமை இறங்கவில்லை. "மெர்வ் கஞ்சனாயிட்டான்" என்றீர்கள். ஆட்டின் குளம்பில் முள் தைத்தால் வேலிக்கு அப்பால் நின்றே கண்டுபிடிக்கும் கண்களே, ஒரு மனிதனின் முகம் மாதக்கணக்கில் சரிந்ததே, அப்போது எங்கே மேய்ந்துகொண்டிருந்தீர்கள்? "தானா சரியாயிடும்" என்பதுதானே நம் ஊரின் ஒரே மருந்து?

புதிதாக வந்த மருத்துவர் நெரிடா காஃபிதான் கேட்டார்: "ஒரே ராத்திரில இழுத்துச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல துடிச்சுது."

"முகவாதம்னா திடீர்னு வரும், சில மாசத்துல தேறும். இது துடிச்சுத் துடிச்சு மெதுவா சரியுதே. நரம்புல என்ன உக்காந்திருக்குன்னு ஸ்கேன்ல பாப்போம்."

காதுக்குப் பின்னால், எலும்புக்குள், முகநரம்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை.

உடனே மருத்துவம் படிக்காத மருத்துவர்களெல்லாம் திரண்டு வந்தீர்கள். "வெட்டி எறி மெர்வ்." எதை எறிவது? கட்டி முளைத்ததே நரம்பில். அவசரமாக வெட்டினால் நரம்பு போகும், மிச்சமிருக்கும் அசைவும் போகும். அறுவை மருத்துவரே சொல்லிவிட்டார்: "அந்தப் பக்கம் பாதியாவது அசைஞ்சிட்டு இருக்கிற வரைக்கும் நான் கத்தி எடுக்க மாட்டேன். வருஷா வருஷம் ஸ்கேன் பாப்போம். ரொம்பச் சரிஞ்சா கட்டியை எடுத்துட்டு, வேற இடத்து நரம்பை வச்சுத் தைக்கலாம்." அதுவரை கண்ணுக்குச் சொட்டுமருந்து, தூங்கும்போது இமைக்கு ஒட்டுத்தாள்.

"சும்மா இருக்கச் சொல்றதுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்டா?" என்று அதற்கும் நக்கல். சித்தப்பா சொன்ன பதில் இது: "மிச்சம் பாதியை வச்சுத்தான் உங்களப் பாத்துச் சிரிக்கணும். அத அவசரப்பட்டு எவன்கிட்டயும் குடுக்கறதா இல்ல."

ஆகவே இன்றைய தீர்மானம்: இனிக் கை உயர்த்தினால்தான் ஏலம். என்ன ஐயா, பழக்கம் கெட்டுவிடுமா? உங்கள் பழக்கத்துக்கு அவர் ஒரு பட்டி நிறையக் கிடாக்களைக் கட்டித் தீனி போடுகிறார். கையைத் தூக்கினால் உங்களுக்குத் தோள் கழன்றுவிடுமா?

கேட்ட காதுகளுக்கு நன்றி, நெளிந்த நாற்காலிகளுக்கும் நன்றி. முன்வரிசையில் சித்தப்பா கையை உயர்த்திவிட்டார். ட்ரெஸ்கோ அவர்களே, இந்த முறையாவது ஆளைப் பார்த்துத் தட்டுங்கள். வணக்கம்.