மர்மப் படத்துக்கு ஒரு முகம்

ஐயா, எல்லாச் சாயத்திலும் மஞ்சள்தான் என்னிடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். நீலம் மாதக்கணக்கில் கிடக்கும். சாமி படம் வந்தால்தான் அதற்கு வேலை. மஞ்சளுக்கு அப்படி ஓய்வே கிடையாது.

என் பெயர் நீலமேகம், வீடு காலடிப்பேட்டை. டோல்கேட் பக்கத்தில் அத்தாவுல்லா சாயபுவின் டெண்டுக் கொட்டகைக்குப் போர்டு எழுதுகிறேன். பம்பாயில் படம் பேச ஆரம்பித்துவிட்டதாம். எங்கள் கொட்டகைக்கு வருவதெல்லாம் இன்னும் வாயை மட்டும் அசைக்கும் படங்கள்தான். வருகிற ஜனம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வே ஆட்கள், கடலுக்குப் போகிறவர்கள். நூறு பேரில் பத்துப் பேருக்கு எழுத்துத் தெரிந்தால் அதிகம். மாட்டு வண்டியில் என் போர்டைக் கட்டி, முன்னால் பேண்டு அடித்துக்கொண்டு ராயபுரம் வரை போவார்கள். வண்டி தாண்டுவதற்குள் இது என்ன படம் என்று பார்க்கிறவனுக்குப் புரிந்துவிட வேண்டும்.

புரியவைப்பது சுலபம், ஐயா. சாமி படமென்றால் முகம் நேராக இருக்கும், வெளிச்சம் மேலிருந்து விழும். காதல் படத்துக்கு நிலா போதும். சண்டைப் படத்துக்குக் குதிரை. மர்மப் படம்தான் நுணுக்கம். அதற்கு வெளிச்சத்தைக் கீழிருந்து கொடுக்க வேண்டும். மோவாயில் மஞ்சள், மூக்குக்கு அடியில் மஞ்சள், புருவத்துக்குக் கீழே ஒரு கீற்று. பாதி முகம் கறுப்பு. ஒரு கண் மட்டும் உங்களையே பார்க்க வேண்டும். கத்தி கூடாது. கத்தியைக் காட்டினால் அது சண்டைப் படமாகிவிடும். காட்டாமல் விட்டால் பார்க்கிறவன் தானே ஒரு கத்தியை வைத்துக்கொள்வான்.

இதெல்லாம் ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. முதல் மர்மப் படத்துக்குப் பம்பாய் நோட்டீஸைப் பார்த்து ஒரு வில்லனை எழுதினேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் கஸ்பார் வந்தான். துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன், ராயபுரம் மாதா கோயில் பக்கத்து வீடு. ஆள் நல்ல உயரம். கம்பிவடம் அறுந்து அடித்த தழும்பு ஒன்று கன்னத்தில் குறுக்கே ஓடும். போர்டை நின்று பார்த்தான்.

"இன்னா பெயிண்டரே, இந்தாளுக்குப் பல்லு வலியா? ஒரு கிராம்பு வெச்சுக்கச் சொல்லு" என்றான். பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க, திரையில் வில்லன் வரும்போதெல்லாம் கொட்டகையில், "பல்லு வலி வந்துகினு கீறான்டோய்" என்று கத்தினார்கள்.

கஸ்பார் சொன்னது சரிதான். அது பல் வலி முகம்தான். எனக்கு ஒரு நல்ல முகம் தேவைப்பட்டது. அவனையே கேட்டேன்.

அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். அரிக்கன் விளக்கைத் தரையில் வைத்து எழுதினேன். "எம்மூஞ்சி ஊரு பூரா போவுது, பாரு சிலுவை" என்று பெண்சாதி சிலுவையம்மாளைக் கூட்டிவந்து காட்டினான். அவள் பார்த்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, போர்டு சரியாக வந்திருக்கிறது என்று.

அதற்குப் பிறகு வந்த எல்லா மர்மப் படத்துக்கும் அவன்தான். படத்தில் வருகிற வில்லன் வேறு ஆள். அதை ஒருவரும் கேட்கவில்லை. முதலில் தெருப் பிள்ளைகள் அவனைக் கண்டால் கூச்சல் போட்டு ஓடின. அவனும் கண்ணை உருட்டி விளையாடினான். நாலு மாதத்தில் விளையாட்டு நின்றது. மீன்காரத் தாயம்மா அவன் கையில் மீனைக் கொடுக்காமல் தரையில் வைத்தாள். தண்ணீர்க் குழாயில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் என்னிடம் வந்தான். "போதும் பெயிண்டரே. வேற மூஞ்சி போடு. வூட்டாண்ட ஒருத்தரும் பேசுறதில்ல. சிலுவை அழுதுகினே கீறா" என்றான்.

"அடுத்த படத்துக்கு மாற்றிவிடுகிறேன்" என்றேன்.

அடுத்ததாக வந்தது பிள்ளை பிடிக்கிறவன் கதை. அதற்கு அவனை விட்டால் வேறு முகம் ஏது? அந்தப் போர்டில் மூலையில் ஒரு சின்னப் பாவாடை மட்டும் எழுதினேன். பிள்ளை இல்லை. வெறும் பாவாடை. என் கையால் எழுதியதில் அதுதான் உசத்தி.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையில் நான் வேலைக்கு வரும்போது, காலடிப்பேட்டையில் ஒரு ஜட்காவிலிருந்து, டோல்கேட்டில் குடியிருக்கிற வரலட்சுமியின் பெண் ராஜாத்தி இறங்கினாள். ஆறு வயது. அவளுடைய அத்தை வேம்பு கையைப் பிடித்திருந்தாள். பெண் என்னைப் பார்த்து முறுக்கை ஆட்டினாள். வேம்புவுக்கும் அண்ணிக்கும் ஆகாது. சொல்லாமல் கூட்டிவந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வரலட்சுமி டோல்கேட்டில் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. கொட்டகை வாசலில் வண்டி நின்றிருந்தது, அதில் அந்தப் பாவாடை எழுதிய போர்டு. நான் எழுத்துக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"பெயிண்டரண்ணே, நீ காலைலேந்து இங்கதானே கீற? எம்பொண்ணப் பாத்தியா?"

 திரும்பிப் போர்டைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவளும் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். யார் வாயிலிருந்தும் ஒரு பெயர்கூட வரவில்லை, ஐயா. எழுத்துத் தெரியாதவர்கள் எவ்வளவு நன்றாகப் படிக்கிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அந்த நேரம் கஸ்பார் வேலை முடிந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்டான். எல்லோரும் அவனையே பார்க்கவும் பயந்துபோய்ச் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

ஐந்து மணிக்கு ராஜாத்தி அத்தையோடு வந்து இறங்கினாள். அதற்குள் கஸ்பாரைப் பாயில் சுற்றிவிட்டிருந்தார்கள்.

நீங்கள் என்னைச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டீர்கள். அவனை அடித்துக் கொன்றதாக உள்ளே வைத்திருக்கிற ஏழு பேரையும் அடையாளம் காட்டச் சொன்னீர்கள். காட்டுகிறேன். ஆனால் அந்த ஏழு பேரும் இதைத் தாங்கள் செய்ததாக நினைத்து அழுகிறார்களே, அதைக் கேட்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. அவர்கள் செய்தது கூலி வேலை. ஒரு மனிதனை ஊர் முழுக்கப் படித்து வைத்துக்கொள்ளும்படி எழுத ஏழு மாதம் ஆகும். அந்த வேலை என்னுடையது.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கீழே விழுந்ததும் கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடினான். "பெயிண்டரே, நீயாவது சொல்லேன்" என்றான். மேலே வெயில், வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது. நான் எழுதிய முகத்துக்கும் அதற்கும் கொஞ்சம்கூடச் சம்பந்தம் இல்லை. பெண் காலடிப்பேட்டையில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது. நான் போர்டுக்கு முன்னால் போய், யார் கையும் பட்டு ஈரச் சாயம் கலைந்துவிடாமல் மறைத்து நின்றுகொண்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். மற்றபடி எனக்கும் கஸ்பாருக்கும் எந்த விரோதமும் கிடையாது.