மியூசியத்து முதலை

மதிப்பிற்குரிய மியூசியத்து ஐயா, அம்மணி,

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திரும்பும் இரயிலில் என் எதிரே இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவர், "அது நம்ம முதலை இல்ல, அண்ணி" என்றார்.

மியூசியத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் முதலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் விளங்கிற்று. கிள்ளான் ஆற்றில் குளிக்கச் சென்ற இளையவரின் கணவர் வீடு திரும்பவில்லை. முதலை கொண்டுபோயிற்றென்று கூறி, உறவினர் அவரைத் தாலி கழற்றச் சொல்லியிருக்கின்றனர்.

"நம்ம ஆத்துல சுட்டதுதானே, வள்ளி?" என்றார் மூத்தவர். அவர் அக்கணவரின் அக்காள்.

"சுட்டதுதான். உங்க தம்பி காணாமப் போறதுக்கு முந்தின வருசமே சுட்டாச்சாம். காவக்காரரு சொன்னாருல்ல?"

"ஆத்துல வேற முதலையே இல்லையா?"

"இருக்கும். அதையும் சுட்டு மியூசியத்துல வைக்கட்டும். வந்து பாத்துட்டுக் கழட்டுறேன்."

கிள்ளானில் இறங்கியதும் மூத்தவர் மல்லிகை ஒரு முழம் வாங்கித் தம்பி மனைவியிடம் நீட்டினார்.

"வச்சுக்க. அவன் மட்டும் திரும்பி வரட்டும், நானே முதலைகிட்ட புடிச்சுக் குடுக்கிறேன்."

அம்மனிதர் என்றேனும் வரக்கூடும். அப்போது அவரிடம் காட்டுவதற்காக, அதுவரை இக்குறிப்பைத் தாங்கள் அம்முதலையின் அருகே பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.